தானே கண்டுபிடிக்கும் என்றார்கள்: ஒரு பேக்கப் சிஸ்டத்தின் டேட்டாபேஸ் டிஸ்கவரி விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த பேக்கப் சிஸ்டம் நல்ல சிஸ்டம்தான், லைசென்ஸைப் புதுப்பிக்கத்தான் போகிறோம். ஆனால் டெமோவில் காட்டும் அந்த டிஸ்கவரி வசதி, அதாவது சர்வரின் முகவரியைக் கொடுத்தால் போதும், அதில் இருக்கும் டேட்டாபேஸ்களை எல்லாம் தானே கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுவிடும் என்கிறார்களே, அதைப் பற்றி விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடும் விஷயங்கள் நிறைய. இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும்தான். டீடூப்ளிகேஷன், அதாவது ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காமல் விடுவது, எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது, கிளவுடுக்குப் போகுமா, டேப்புக்குப் போகுமா என்பதெல்லாம் மற்றவர்கள் ஏற்கனவே எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

பெயரைப் போடவில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. இந்த வகையில் இருக்கும் பெரிய பொருட்களின் கையேடுகளை எடுத்துப் பார்த்தால் "டிஸ்கவரிக்கு சர்வரைத் தயார் செய்வது" என்ற அத்தியாயம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருட்கள் யார் வந்து தட்டினாலும் ஒரே மாதிரிதான் கதவைத் திறக்கும், அல்லது திறக்காது. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்களிடம் இருப்பது கலவையான கூட்டம். லினக்ஸில் ஆரக்கிள், விண்டோஸில் எஸ்க்யூஎல் சர்வர், புதிதாக வருவதெல்லாம் போஸ்ட்கிரெஸ், எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன மைஎஸ்க்யூஎல் கொஞ்சம். இதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரிப்ட், தனி க்ரான், அதாவது நேரம் வைத்து ஓடும் வேலை. புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கினால் பேக்கப்பில் சேர்க்கச் சொல்லி டிக்கெட் போட வேண்டும், டிக்கெட் போடாவிட்டால் அதற்குப் பேக்கப்பே கிடையாது, அது யாருக்கும் தெரியவும் தெரியாது. டிஸ்கவரி தீர்க்க வருவது இந்தப் பிரச்சினையைத்தான், அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட், அதாவது பேக்கப் சிஸ்டம் அங்கே நிறுவும் சின்ன மென்பொருள், சுற்றுமுற்றும் பார்க்கிறது: என்னென்ன பிராசஸ் ஓடுகின்றன, விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியில் எந்தெந்த இன்ஸ்டன்ஸ் (டேட்டாபேஸ் மென்பொருளின் தனித்தனி நிறுவல்) பதிவாகியிருக்கிறது, லினக்ஸ் என்றால் தெரிந்த இடங்களில் தெரிந்த கான்ஃபிக் கோப்புகள் இருக்கின்றனவா என்று. அப்புறம் கண்ணில் பட்ட ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்குள்ளும் லாகின் செய்து, உள்ளே என்னென்ன டேட்டாபேஸ், கோப்புகள் எந்த டிஸ்கில், எந்தப் பதிப்பு, மாற்றங்களின் பதிவை மட்டும் எடுக்கும் லாக் பேக்கப் எடுக்க முடியுமா என்று விசாரிக்கிறது. முதல் கட்டத்துக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அனுமதி வேண்டும், இரண்டாவதற்கு டேட்டாபேஸுக்குள் அனுமதி வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கும் அனுமதிகள், பெரும்பாலான இடங்களில் அந்த இரண்டு பேரும் வேறு வேறு டீம்.

என் பெரிய புகார் இங்கேதான் தொடங்குகிறது. முதல் கட்டம் முடிந்து இரண்டாவது கட்டத்தில் லாகின் கிடைக்காமல் போனால், இந்தப் பொருள் அந்த சர்வருக்கு நேராக "பயன்பாடுகள் எதுவும் இல்லை" என்று போட்டு, பச்சை டிக்கும் வைத்துவிடுகிறது. உள்ளே ஆரக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் பிராசஸை ஏஜென்ட் பார்த்தும் இருக்கிறது, ஏஜென்டின் சொந்த லாக் கோப்பில் அது தெளிவாக எழுதியும் இருக்கிறது, ஆனால் நாம் பார்க்கும் திரையில் ஒன்றும் இல்லை. கணக்கெடுக்க வந்தவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு "இங்கே யாரும் குடியில்லை" என்று எழுதிக்கொண்டு போவது மாதிரி. டேட்டாபேஸ் இல்லை என்பதற்கும் இருக்கிறது, நுழைய முடியவில்லை என்பதற்கும் ஒரே செய்தி வைத்திருப்பது பேக்கப் மென்பொருளில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையே இல்லை. மற்ற குறைகளையெல்லாம் பழகிக்கொள்ளலாம்.

நெட்வொர்க் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்டைக் கையால் நிறுவினால் அதற்கான போர்ட்டைத் திறந்தால் போதும். விண்டோஸில் கன்சோலிலிருந்தே தள்ளி நிறுவ ஆசைப்பட்டால் 135, 445, அதற்கு மேல் ஆர்பிசி என்ற தொலைநிலை அழைப்பு முறைக்காக 49152 முதல் 65535 வரையிலான போர்ட்டுகள் என்று ஃபயர்வால் டீமிடம் போய் நிற்க வேண்டும், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாஃப்ட்வேர் விநியோகத்துக்கு ஏற்கனவே ஏதாவது கருவி வைத்திருப்பீர்கள், அதில் ஏஜென்டைச் சேர்த்துவிடுங்கள், இந்தச் சண்டையே வேண்டாம். டிஎன்எஸ் இரண்டு திசையிலும் சரியாக இருக்க வேண்டும், பெயரிலிருந்து முகவரி, முகவரியிலிருந்து பெயர். பல சர்வர்களில் பேக்கப்புக்கென்று தனி நெட்வொர்க் கார்டு இருக்கும், அதன் முகவரிக்கு ரிவர்ஸ் பதிவு யாரும் போட்டிருக்க மாட்டார்கள், அப்போது ஒரே சர்வர் இரண்டு பெயரில் இரண்டு முறை வரும். கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் தாங்காது.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் நிறுவிய வெர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்தால் ஏஜென்டின் அடையாள எண்ணும் கூடவே குளோன் ஆகிவிடும். கன்சோலுக்கு இரண்டு சர்வரும் ஒன்றுதான். இன்றைக்கு உற்பத்தி சர்வரின் டேட்டாபேஸ் பட்டியல், நாளைக்கு டெஸ்ட் சர்வரின் பட்டியல், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்களுடையது நிற்கும். டெம்ப்ளேட்டில் ஏஜென்டை வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் அடையாளத்தை அழிக்கும் கட்டளையை முதல் பூட்டில் ஓட விடுங்கள். கையேட்டில் இது ஓர் ஓரமாக, சின்னக் குறிப்பாக இருக்கிறது.

இனி ஆரக்கிள். நேரம் அதிகம் தின்பது இதுதான், ஆனால் சரியாக அமைத்துவிட்டால் அதற்கப்புறம் தொந்தரவே இல்லாமல் ஓடுவதும் இதுதான்.

லினக்ஸில் ஆரக்கிளைக் கண்டுபிடிக்க ஏஜென்டுக்கு இரண்டு தடயம். ஒன்று சர்வரில் இருக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸ்களைப் பட்டியலிடும் ஓராடாப் என்ற கோப்பு, லினக்ஸில் அது எட்ஸி டைரக்டரியில் இருக்கும், சோலாரிஸில் வேறு இடம். இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும் பிமான் என்ற ஆரக்கிள் பிராசஸ், அதன் பெயரின் வாலில் இன்ஸ்டன்ஸின் அடையாளப் பெயரான எஸ்ஐடி ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒத்துப்போகாத இடங்கள்தான் அதிகம். டேட்டாபேஸை உருவாக்கும் கருவி ஓராடாப்பில் வரியைத் தானாகச் சேர்த்துவிடும், ஆனால் ஸ்கிரிப்டால் கையில் உருவாக்கிய டேட்டாபேஸுக்கு வரி இருக்காது. எப்போதோ அழித்த டேட்டாபேஸின் வரி இன்னும் அப்படியே இருக்கும். எஸ்ஐடியில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் லினக்ஸில் உண்டு, கோப்பில் ஒரு மாதிரி பிராசஸில் ஒரு மாதிரி இருந்தால் அவை இரண்டு டேட்டாபேஸ். ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்கள் சேர்ந்து ஓட்டும் ஆர்ஏசி கிளஸ்டரில் இன்னும் ஒரு படி மேலே: ஓராடாப்பில் டேட்டாபேஸின் பெயர் மட்டும் இருக்கும், ஓடும் இன்ஸ்டன்ஸின் பெயரிலோ கடைசியில் 1, 2 என்று எண் சேர்ந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஆரக்கிள் ஹோம், அதாவது ஆரக்கிளை நிறுவிய டைரக்டரி, அதன் பாதை பற்றியது. ஓராடாப்பில் ஒரு வரி என்றால் எஸ்ஐடி, ஹோம் பாதை, தானாகத் துவக்க வேண்டுமா என்ற எழுத்து, இவ்வளவுதான். லோக்கலாக ஓர் இன்ஸ்டன்ஸோடு இணையும்போது ஆரக்கிள் எஸ்ஐடியையும் ஹோம் பாதையையும் சேர்த்துத்தான் எந்த மெமரியோடு ஒட்டுவது என்று முடிவு செய்கிறது. டேட்டாபேஸைத் துவக்கியபோது பாதையின் முடிவில் சாய்கோடு இல்லை, ஓராடாப்பில் யாரோ சாய்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் அவ்வளவுதான், இணைப்பு வெற்றி, ஆனால் இன்ஸ்டன்ஸ் ஓடவில்லை என்று பதில் வரும். பேட்ச் போடும்போது புது ஹோமுக்கு மாற்றிவிட்டு ஓராடாப்பில் பழைய பாதையை விட்டுவைத்தாலும் இதே கதைதான். நூற்றுக்கணக்கான பேர் அந்த டேட்டாபேஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, பேக்கப் திரை "டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டுள்ளது" என்று சொல்லும். இதை நம் பொருளின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆரக்கிளின் குணம் அப்படி. ஆனால் பிமான் ஓடுகிறது, இணைப்பில் மட்டும் இல்லை என்று வருகிறது, இந்த முரண்பாட்டை மென்பொருளால் கண்டுபிடித்துச் சொல்ல முடியாதா என்ன?

அனுமதி விஷயத்தில் கையேடு ரூட், அதாவது சர்வரின் முழு அதிகாரம், கேட்கிறது. கொடுக்க வேண்டியதில்லை. தேவையான கட்டளைகளை மட்டும் ரூட் அதிகாரத்தோடு ஓட விடும் சூடோ பட்டியலில் பாஸ்வேர்டு கேட்காதபடி சேர்த்தால் ஓடுகிறது, அந்தக் கட்டளைகளின் முழுப் பட்டியலையும் பிற்சேர்க்கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு மதிப்பெண் கூட்டித்தான் போட வேண்டும், பல பொருட்களில் இதை சப்போர்ட்டிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கும். பழைய ரெட்ஹாட் வகை லினக்ஸில் சூடோவுக்கு டெர்மினல் கட்டாயம் என்று ஒரு வரி முன்னிருப்பாக இருக்கும், அதை ஏஜென்ட் யூசருக்கு மட்டும் தளர்த்த வேண்டும். டெம்ப் டைரக்டரியில் எதையும் இயக்க முடியாதபடி மவுண்ட் செய்திருந்தால், பாதுகாப்பு ஆடிட் முடிந்த சர்வர்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும், ஏஜென்டுக்கு வேறு தற்காலிக இடம் காட்ட வேண்டும். டேட்டாபேஸுக்குள் 12சி பதிப்பிலிருந்து பேக்கப்புக்கென்றே தனி அதிகாரம் இருக்கிறது, சிஸ்பேக்கப் என்று. அதைக் கொடுத்தால் போதும், எல்லா அதிகாரமும் தரும் சிஸ்டிபிஏ வேண்டாம். பயனர் தரவைப் படிக்கும் உரிமை அதில் கிடையாது என்பதால் ஆடிட்டர்களும் சும்மா இருப்பார்கள்.

மாற்றப் பதிவுகளைச் சேமித்துவைக்கும் ஆர்க்கைவ்லாக் மோடில் இல்லாத டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் அதைப் பேக்கப் எடுக்காது. இந்தப் பொருள் அதை டிஸ்கவரியின்போதே மஞ்சள் முக்கோணத்தோடு காட்டுகிறது, நல்ல விஷயம். மோடை மாற்ற டேட்டாபேஸை நிறுத்தித்தான் ஆக வேண்டும், ஆகவே இந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு நிறுத்தும் நேரம் கேட்டு அனுப்பிவிடுங்கள். தயார்ப் பட்டியலில் "பிளாக் சேஞ்ச் டிராக்கிங்கை இயக்கவும்" என்றும் ஒரு வரி உண்டு. மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பை வேகப்படுத்தும் வசதி அது, 10ஜி காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அது என்டர்பிரைஸ் எடிஷனுக்கு உரியது, மாற்றுப் பிரதியான ஸ்டாண்ட்பை டேட்டாபேஸில் இயக்கினால் ஆக்டிவ் டேட்டா கார்டு லைசென்ஸும் வேண்டும். பேக்கப் நிறுவனத்தின் கையேடு சொன்னது என்று ஆரக்கிளின் லைசென்ஸ் ஆடிட்டரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. கையேட்டில் அந்த எச்சரிக்கை இல்லை, இருந்திருக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் வந்தால் நிறுவுவது சுகம். ரெஜிஸ்ட்ரியில் இன்ஸ்டன்ஸ்கள் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருப்பதால் முதல் கட்டம் தவறுவதே இல்லை. இரண்டாவது கட்டத்தில்தான் சிக்கல். ஏஜென்ட் சர்வீஸ் வழக்கமாக லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடும், ஆனால் 2012 பதிப்பிலிருந்து அந்தக் கணக்குக்கு சிஸ்அட்மின் என்ற முழு நிர்வாக உரிமை தானாகக் கிடைப்பதில்லை. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த சர்வர்களில் மட்டும் அந்த உரிமை ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் பழைய சர்வர்கள் எல்லாம் ஒரே சொடுக்கில் தெரிகின்றன, புதிதாக நிறுவியவை மட்டும் காலியாக வருகின்றன, ஏஜென்டில்தான் கோளாறு என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். குரூப் மேனேஜ்டு சர்வீஸ் கணக்கை இந்தப் பொருள் ஆதரிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸே 30 நாளைக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும், எங்கேயும் தட்டச்ச வேண்டாம், காலாவதியாகி டிஸ்கவரி சத்தமில்லாமல் நின்றுபோகும் ஆபத்தும் இல்லை.

விண்டோஸின் ஸ்னாப்ஷாட் வசதியான விஎஸ்எஸ் வழியாகப் பேக்கப் எடுப்பதாக இருந்தால் எஸ்க்யூஎல் ரைட்டர் சர்வீஸ் ஓட வேண்டும். அது ஓடியும் விஎஸ்எஸ் ரைட்டர் பட்டியலில் எஸ்க்யூஎல் ரைட்டரைக் காணோம் என்றால் தேட வேண்டிய முதல் காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: ஏதோ ஒரு டேட்டாபேஸின் பெயரின் முடிவில் ஒரு ஸ்பேஸ் இருக்கும். வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது வந்து உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு ஸ்பேஸால் அந்த சர்வரின் எந்த டேட்டாபேஸுமே விஎஸ்எஸ்ஸின் கண்ணில் படாது. பெயரை மாற்றினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். சப்போர்ட்டின் முதல் நிலை ஆட்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை, ஏஜென்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். இரண்டாம் நிலைக்குப் போனதும் உடனே சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், பழைய பேக்கப் வேலைகளை நிறுத்துவது. புது சிஸ்டம் டேட்டாபேஸ்களைக் கண்டுபிடித்த கையோடு பாலிசியை, அதாவது பேக்கப் விதிகளை, ஒட்டி லாக் பேக்கப்பை ஆரம்பித்துவிடுகிறது. டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ எப்போதோ போட்டுவைத்த மெயின்டனன்ஸ் பிளானும் அதே லாக்கைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும். லாக் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணி அங்கே, ஒன்று இங்கே. இரண்டு பக்கமும் வேலை வெற்றி, இரண்டு பக்கமும் தனியாக ரீஸ்டோர் செய்ய முடியாது. இந்தப் பொருள் டிஸ்கவரியின்போதே சமீபத்தில் வேறு யாராவது பேக்கப் எடுத்திருக்கிறார்களா என்று வரலாற்று டேபிளைப் பார்த்து எச்சரிக்கிறது. உண்மையிலேயே அருமையான வசதி, இதை ஏன் விளம்பரத்தில் சொல்லவில்லை என்று புரியவில்லை.

சிம்பிள் ரெக்கவரி மாடலில் இருக்கும் டேட்டாபேஸுக்கு லாக் பேக்கப்பே கிடையாது, அதைத் தனிக் குறியீட்டோடு காட்டுகிறார்கள், நல்லது. ஒரே டேட்டாபேஸின் பிரதிகளைப் பல சர்வரில் வைக்கும் அவைலபிலிட்டி குரூப் இருந்தால் எல்லா நோடிலும் ஏஜென்ட் வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் வேலை வேறு நோடுக்கு மாறும் ஃபெயில்ஓவர் ஆன அன்று அந்த குரூப் பட்டியலிலிருந்து காணாமல் போகும். இரண்டாம் நிலை ரெப்ளிகாவில் பேக்கப் எடுத்துச் சுமையைக் குறைக்கலாம் என்று சேல்ஸ் ஆட்கள் சொல்வது பாதிதான் உண்மை: 2022 பதிப்பு வரை அங்கே முழு பேக்கப் என்றால் மற்ற பேக்கப்புகளின் வரிசையில் சேராத காப்பி ஒன்லி மட்டும், கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை எடுக்கும் டிஃபரென்ஷியல் எடுக்க முடியாது, லாக் எடுக்கலாம்.

போஸ்ட்கிரெஸ் பற்றி. இதன் ஆதரவு பின்னால் வந்து ஒட்டியது என்பது திரையைப் பார்த்தாலே தெரிகிறது. 5432 போர்ட்டில் ஓடும் ஒரே ஒரு கிளஸ்டர் (போஸ்ட்கிரெஸில் ஓர் இன்ஸ்டன்ஸைத்தான் இப்படிச் சொல்வார்கள்), அதன் சாக்கெட் வழக்கமான இடத்தில் என்றால் பிரச்சினை இல்லை. டெபியன் வகை லினக்ஸில் ஒரே சர்வரில் 5432, 5433 என்று இரண்டு மூன்று கிளஸ்டர்கள் சர்வசாதாரணமாக இருக்கும், பதிப்பு மேம்படுத்தும் காலத்தில் கட்டாயம் இருக்கும். இந்தப் பொருள் இரண்டாவதையும் கண்டுபிடிக்கிறது, ஆனால் லாகினுக்கு முதலாவதின் விவரங்களையே முயற்சி செய்கிறது, நாமாகப் போய் ஒவ்வொன்றுக்கும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்டைப் பிஜிபாஸ் கோப்பில் வைத்தால் அதன் அனுமதி 0600 ஆக இருக்க வேண்டும், கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் லைப்ரரி அந்தக் கோப்பையே பொருட்படுத்தாது. ஏஜென்ட் இணையும் வழிக்கான வரி, யார் நுழையலாம் என்று சொல்லும் எச்பிஏ கோப்பில் இருக்க வேண்டும், மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் செல்லும் என்பதால் கோப்பின் அடியில் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

10ஆம் பதிப்பிலிருந்து டபிள்யூஏஎல் என்ற மாற்றப் பதிவின் நிலை முன்னிருப்பாகவே பேக்கப்புக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பதிவுகளை வெளியே நகலெடுத்துவைக்கும் ஆர்க்கைவ் மோடை இயக்க மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும், ஆர்க்கைவ் கட்டளையை மாற்ற ரீலோட் போதும். ஆகவே புது சர்வர் அமைக்கும்போதே மோடை இயக்கி, கட்டளையில் ஒன்றும் செய்யாத, வெற்றி என்று மட்டும் திருப்பி அனுப்பும் கட்டளையைப் போட்டுவைத்தால் பின்னால் நிறுத்தம் கேட்டு அலைய வேண்டாம். 15ஆம் பதிப்பில் பேக்கப் துவக்கும் ஃபங்ஷனின் பெயரையே மாற்றினார்கள், பழைய எக்ஸ்குளூசிவ் முறையையும் எடுத்துவிட்டார்கள். ஏஜென்ட் பழையது, டேட்டாபேஸ் புதியது என்றால் டிஸ்கவரி பளிச்சென்று வேலை செய்யும், முதல் பேக்கப் விழுந்துவிடும். டிஸ்கவரியில் பதிப்பு எண்ணைத் தெரிந்துகொள்கிற மென்பொருள், "இந்தப் பதிப்பை என்னால் பேக்கப் எடுக்க முடியாது" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

பதிப்பு பொருந்தாத விஷயம் சாதாரணம் என்று நினைப்பவர்கள் 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபில் நடந்ததைத் தேடிப் படிக்கலாம், அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது, பேக்கப்பைத் தேடினால் இல்லை. டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6, ஆகவே அந்த வேலை தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சரிபார்ப்பு அமைப்பு சரியில்லாததால் திருப்பப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக இருந்த சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய எல்விஎம் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்கின் அந்த நேரத்து நகல்தான் கைகொடுத்தது. "எதுவும் இல்லை" என்பதற்குப் பச்சை டிக் வைக்கும் திரையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பது அதைப் படித்தால் புரியும்.

கன்டெய்னரில், அதாவது சர்வருக்குள் தனியாக அடைத்த சூழலில், ஓடும் போஸ்ட்கிரெஸ் தனி வேடிக்கை. ஹோஸ்டின் பிராசஸ் பட்டியலில் அது தெரியும், ஏஜென்ட் ஆசையாக எடுத்துக்கொள்ளும், ஆனால் அந்த பிராசஸ் சொல்லும் டேட்டா டைரக்டரி கன்டெய்னருக்குள் இருக்கும் பாதை, ஹோஸ்டில் அப்படி ஒரு டைரக்டரியே இருக்காது. பட்டியலில் ஒரு பேய் டேட்டாபேஸ் வந்து உட்காரும், ஒவ்வோர் இரவும் அதன் பேக்கப் தோற்கும். அந்த ஹோஸ்ட்களில் போஸ்ட்கிரெஸ் டிஸ்கவரியை அணைத்துவைப்பதுதான் இப்போதைக்கு வழி.

மைஎஸ்க்யூஎல்லில் சொல்ல அதிகம் இல்லை. 8.0 பதிப்பிலிருந்து மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் முன்னிருப்பாகவே இயங்குகிறது, முழு பேக்கப் ஒன்று இருந்தால் விரும்பிய நேரத்து நிலைக்கு மீட்கும் பாயின்ட் இன் டைம் ரீஸ்டோருக்கு அது போதும். அதே பதிப்பில் முன்னிருப்பு லாகின் முறையும் மாறியது, பழைய இணைப்பு லைப்ரரியோடு வரும் ஏஜென்ட் என்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் நுழைய முடியாது. ஸ்னாப்ஷாட் முறைக்கு எல்விஎம் வால்யூம் குரூப்பில் காலி இடம் வேண்டும், சர்வர் அமைக்கும்போது முழு டிஸ்கையும் வால்யூமுக்கே கொடுத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் டிஸ்க் கூட்டாமல் தப்பிக்க முடியாது.

தினமும் ஒரு முறை டிஸ்கவரி தானாக ஓடும், வேண்டுமானால் நேரத்தைக் குறைக்கலாம். புதிதாக வந்த டேட்டாபேஸுக்குத் தானாகவே பாலிசி ஒட்டும் வசதியைக் கண்டிப்பாக இயக்குங்கள், இந்தப் பொருளை வாங்குவதற்கான காரணமே அதுதான். அழிக்கப்பட்ட டேட்டாபேஸின் பழைய பேக்கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு பெயரைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறது, சரியான முடிவு. ரீஸ்டோரைப் பொறுத்தவரை குறையே சொல்ல மாட்டேன், டிஸ்கவரியில் சேகரித்த கோப்புப் பாதைகளை வைத்துக்கொண்டு வேறொரு சர்வரில் ஏற்றும்போது எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே நிரப்பித் தருகிறது. அந்த இலக்கு சர்வரும் டிஸ்கவர் ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரீஸ்டோர் செய்யப் போகும் இடத்தில் அனுமதி கேட்டு நிற்கும் நேரம் அவசர நேரமாகத்தான் இருக்கும்.

ஏஜென்டின் லாக் கோப்புகளைத் திரட்டி, பிராசஸ் தெரிந்தும் லாகின் தோற்ற வரிகளைப் பொறுக்கி எடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம், காலையில் பார்க்கும் திரை இப்போது அதுதான். கன்சோலில் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளர் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொருளை உருவாக்கும் குழுவிடம் கேட்டாகிவிட்டது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ரீஸ்டோருக்கு ஐந்தில் நாலரை, எஸ்க்யூஎல் சர்வருக்கு நாலு, ஆரக்கிளுக்கு மூன்றரை, போஸ்ட்கிரெஸுக்கு இரண்டரை, டிஸ்கவரி திரையின் நேர்மைக்கு ஒன்று. வாங்க நினைப்பவர்கள் டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் சர்வரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் சர்வர் ஒன்றைக் கொடுங்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தப்பாகக் கொடுங்கள், பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டுத் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள்.